மணப்பெண்ணுக்குக் கையால் செய்யும் சமையலறைப் பரிசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெருங்கிய ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று காதில் விழுந்ததுமே என் கை துணி அலமாரிப் பக்கம் போய்விடும். தோழிகளுக்கும் சொந்தக்காரப் பெண்களுக்கும் சமையலறைக்கான பொருள்களைப் பல வருடங்களாகத் தைத்தும் எழுதியும் தேய்த்து மெருகேற்றியும் கொடுத்து வருகிறேன். அதனால் "எனக்கும் சொல்லிக் கொடேன்" என்று கேட்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

எல்லாமே கடையில் கிடைக்கிறது. நான் எதைச் செய்து கொடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

துணியிலிருந்து தொடங்காதீர்கள், அவருடைய சமையலறையிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் அவர் சமைக்கும்போது அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருங்கள். சூடான பாத்திரத்தை எதால் பிடித்து இறக்குகிறார்? ஈரக் கையை எங்கே துடைக்கிறார்? இடது கைப் பழக்கமா? உயரம் எவ்வளவு? மைக்ரோவேவ் பயன்படுத்துகிறாரா? துணி துவைப்பது கையாலா, மெஷினிலா?

என் தோழி ஒருத்தி மூடியைத் திறக்கும்போதெல்லாம் சட்டையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடிப்பாள். நின்று பார்த்த அந்த அரை மணி நேரத்தில் நான்கு முறை அப்படிச் செய்தாள். அவளுக்கு என்ன தைப்பது என்று அதற்குமேல் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடைப் பொருள் யாருக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. நீங்கள் செய்வது அவருடைய கைக்கும் உயரத்துக்கும் பழக்கத்துக்கும் பொருந்தலாம். கையால் செய்வதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

எவ்வளவு நாள் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்?

ஆறு வாரம் இருந்தால் நிம்மதி. துணியை முதலில் துவைத்துக் காயவைக்க ஒரு நாள், தைக்க இரண்டு மூன்று விடுமுறை நாள், தைத்ததை நீங்களே ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்க நேரம். சமையல் குறிப்பேடு எழுதப் போகிறீர்கள் என்றால் மூன்று மாதம் வேண்டும். அதில் மற்றவர்களையும் எழுத வைக்க வேண்டியிருக்கும், அவர்கள் "நாளைக்கு எழுதுகிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிடித்துணி தைக்க எந்தத் துணி எடுப்பது? வீட்டில் வெட்டி மிச்சமான துண்டுகள் நிறைய இருக்கின்றன.

மிச்சத் துண்டுகளே போதும், ஆனால் எல்லாம் நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். வெளித்துணி, உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு, நூல், ஓரப் பட்டி, நான்குமே. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

காரணம் இதுதான். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். காலி வாணலியைப் பெரிய தீயில் சில நிமிடம் மறந்தாலே அந்தச் சூட்டை எட்டிவிடும். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் விழாது. பருத்தி உருகுவதில்லை. கருகும், புகையும், வாசனை வரும், அதற்குள் கையை எடுத்துவிடலாம்.

கையிலிருக்கும் துண்டு பருத்தியா என்று தெரியாவிட்டால் அதிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, கறுத்து, நுனியில் கெட்டியான மணியாகத் திரண்டு நிற்கும். ஆறிய பிறகு அதை விரலால் நசுக்கிப் பாருங்கள், நசுங்காது. இரண்டும் கலந்த துணி சாம்பலும் தரும், மணியும் தரும். அதைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

உள்ளே வைக்கப் பஞ்சு விரிப்பு கிடைக்காவிட்டால் பழைய பருத்தித் துவாலையை இரண்டாக மடித்து வைக்கலாம். பழைய ஜீன்ஸ் துணியும் நல்லது, ஆனால் இழுத்தால் நீளும் ஜீன்ஸ் வேண்டாம், அதில் செயற்கை இழை கலந்திருக்கும்.

சரி, அளவும் தைக்கும் முறையும் சொல்லுங்கள்.

வெளித்துணி 22 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு, பஞ்சு விரிப்பு அதே அளவில் இரண்டு. துணி, விரிப்பு, விரிப்பு, துணி என்று அடுக்கி, மூலைவிட்டத்தில் ஒரு கோடு தைத்து, அதற்கு இருபுறமும் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் போடுங்கள். மெஷினில் ஜீன்ஸ் தைக்கும் தடித்த ஊசியை மாட்டி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமான தையலில் அடுக்கு நகராமல் திணறும்.

தைத்து முடித்ததும் 20 சென்டிமீட்டர் சதுரமாகச் சீராக வெட்டுங்கள். ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்து மூலைகளை வளைவாக வரைந்து வெட்டிவிட்டால் ஓரப் பட்டி வைப்பது மிகவும் சுலபம். பட்டியைக் கட்டாயம் கிராஸ் பீஸாக, அதாவது துணியின் இழைக்கு 45 டிகிரி சாய்வாக, 6 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருக்கம் விழும், கிராஸ் பீஸ் வளைந்து கொடுக்கும். சுற்றிவரவும் தொங்கவிடும் வளையத்துக்கும் சேர்த்து ஒரு மீட்டர் போதும். வளையத்தை மட்டும் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னுமாக ஓட்டித் தையுங்கள், முதலில் பிய்வது அதுதான்.

ஒன்றாகக் கொடுக்காதீர்கள், ஜோடியாகக் கொடுங்கள். இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்க இரண்டு வேண்டும்.

அதோடு ஒரு சிறு சீட்டில் "ஈரமாக இருக்கும்போது சூடான பாத்திரத்தைப் பிடிக்க வேண்டாம்" என்று எழுதி வையுங்கள். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்த பிடித்துணியில் உங்களைக் காப்பாற்றுவது இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று. நனைந்தால் அந்த இடம் முழுவதும் தண்ணீராகிவிடும், சூடு நேராக விரலுக்கு வந்துவிடும். சமையலில் பழகியவர்களும் அவசரத்தில் மறந்துபோகும் விஷயம் இது.

மைக்ரோவேவுக்குள் கிண்ணத்தோடு வைக்கும் துணி உறை செய்யலாமா?

செய்யலாம். நூல் உட்பட எல்லாம் பருத்தி என்ற விதி இங்கே இன்னும் கண்டிப்பானது. ஜரிகை இழையோ பொன்னிற அச்சோ உள்ள துணி கூடவே கூடாது, உலோகம் தீப்பொறி கிளப்பும். சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்புப் படலம் வைத்த விரிப்பும் இதற்கு ஆகாது.

25 சென்டிமீட்டர் சதுரத் துணிகளில் ஒவ்வொன்றின் உள்புறமும் ஒரு பஞ்சு விரிப்பை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் துணியை மடித்து, ஓரத்தில் மடிப்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, உள்ளே ஐந்து சென்டிமீட்டரில் மடிப்பைத் தொட்டு முடியும்படி சாய்வாகத் தைத்தால் சதுரம் கிண்ணமாக எழும்பி நிற்கும். இப்படி இரண்டு செய்து ஒன்றுக்குள் ஒன்று வைத்து இணைக்க வேண்டும். உணவில்லாமல் வெறும் உறையை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, ஓவனில் வைக்கவே கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

தையல் சுத்தமாகத் தெரியாது. எனக்கு வழி உண்டா?

உண்டு. பருத்திக் கயிற்றில் பிரிமனை, அதாவது சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கும் வட்டம், செய்யுங்கள். 8 மில்லிமீட்டர் தடிமன் கயிறு நான்கு மீட்டர் இருந்தால் 20 சென்டிமீட்டர் வட்டம் வரும். நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு தடித்த பருத்தி நூலால் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை கோத்துக்கொண்டு வந்தால் போதும். பொத்தான் தைக்கத் தெரிந்தவர் யாரும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். இறுக்கி இழுத்தால் நடுப்பகுதி குழிந்து கிண்ணம்போல ஆகிவிடும், அதனால் மேசைமேல் தட்டையாக வைத்துக்கொண்டே தையுங்கள். நைலான் கயிறு வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

கயிறும் வேண்டாம் என்றால் கீழே வரும் சமையல் குறிப்பேட்டுக்குப் போங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே சிறந்த பரிசு அதுதான்.

ஏப்ரன் தைக்க ஆசை. ஆனால் அளவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

அளவே கேட்க வேண்டாம். கழுத்துப் பட்டியும் இடுப்பு நாடாவும் ஒரே நாடாவாக ஓடும்படி தைத்துவிடுங்கள், யார் போட்டாலும் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு மீட்டர் துணி எடுங்கள். முடிந்த அளவு 70 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் நீளம். மேலே மார்புப் பகுதி 28 சென்டிமீட்டர் அகலம். அங்கிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக இறங்கி முழு அகலத்தைச் சேர வேண்டும். இந்தச் சாய்வை வளைவாக வெட்டாமல் நேர்க்கோடாகவே வெட்டுங்கள். ஓரத்தை 3 சென்டிமீட்டர் மடித்துக் குழாய்போலத் தைக்கும்போது நேர்க்கோட்டில் துணி முறுக்காது. அந்தக் குழாய்கள் வழியாக மூன்று மீட்டர் நாடாவைக் கோத்துவிட்டால் கழுத்துக்கும் ஆகும், பின்னால் கட்டவும் ஆகும்.

துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் துவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். துவைக்காமல் தைத்தால் துணி மட்டும் சுருங்கும், நாடா சுருங்காது, ஓரமெல்லாம் அலையலையாக நிற்கும்.

பையை நட்டநடுவில் வைக்காமல், அவர் எந்தக் கைப் பழக்கமோ அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி வையுங்கள். பையின் மேல் மூலைகள் இரண்டிலும் சின்ன முக்கோணமாகத் தைத்துவிட்டால் அடிக்கடி கை விட்டாலும் பிய்யாது. இடுப்புப் பக்கத்தில் ஒரு துணி வளையம் வைத்து அதில் கைத்துண்டைச் செருகும்படி செய்தால் அவர் தினமும் உங்களை நினைப்பார்.

கைத்துண்டில் பெயர் எம்பிராய்டரி செய்தேன். துவைத்ததும் சாயம் இறங்கிவிட்டது. என்ன செய்வது?

இது எனக்கும் நடந்தது, இன்னும் வலிக்கிறது. ஆறு வெள்ளைத் துண்டுகளின் மூலையில் சிவப்பு நூலால் காம்புத் தையலில் எழுத்துகள் போட்டிருந்தேன். இரண்டு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து செய்தது. கொடுப்பதற்கு முதல் நாள், பென்சில் கோடு போகட்டும் என்று நனைத்தேன். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் படர்ந்தது. பதற்றத்தில் எல்லாவற்றையும் பிழிந்து இஸ்திரி போட்டுவிட்டேன். அதுதான் பெரிய தவறு. சூடு பட்டதும் சாயம் இழையில் உறைந்துவிட்டது.

சாயம் இறங்குவதைக் கண்டால் காயவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். ஈரம் இருக்கும்போதே சோப்புத் தூள் கரைத்த வெதுவெதுப்பான நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீரில் நிறம் தெரியத் தெரிய மாற்றிக்கொண்டே இருங்கள். ஓர் இரவு முழுக்க ஊற வேண்டியிருக்கலாம். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை விடாமல் செய்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. எம்பிராய்டரி தொடங்குவதற்கு முன் நூலின் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். வெள்ளையில் கறை விழுந்தால் அந்த நூல் வேண்டாம். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் சோதிக்காமல் எடுக்கவே மாட்டேன்.

இன்னொன்று. துண்டு தினமும் தேயும் பொருள். நீளநீளமாக இழை மேலே கிடக்கும் தையல்கள் கரண்டியிலும் கத்தியிலும் மாட்டிக்கொள்ளும். காம்புத் தையல், பின் தையல், சிறு சங்கிலித் தையல் இவைதான் உழைக்கும். அதுவும் ஒரு மூலையில் மட்டும் போதும், மீதித் துணி துடைப்பதற்கு.

நான் தைத்த துண்டு தண்ணீரையே உறிஞ்சவில்லை என்கிறாள் தங்கை.

புதுத் துணியில் கஞ்சிப் பூச்சு இருக்கும். இரண்டு மூன்று முறை வெந்நீரில் துவைத்தால் சரியாகிவிடும். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அது இழைமேல் படலமாகப் படிந்து தண்ணீரைத் தள்ளும். அடுத்த முறை கொடுக்கும் முன் நீங்களே துவைத்துக் கொடுங்கள். புத்தம் புதிதாக மொடமொடவென்று இருப்பதைவிட, உடனே வேலை செய்வது நல்லது.

சமையல் குறிப்பேடு எழுதலாம் என்று இருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் "கண்ணளவுதான்" என்கிறார்கள். எப்படி எழுதுவது?

கண்ணளவை அளந்துவிடலாம். ஒரு சமையலறைத் தராசு போதும்.

அவர் சமைக்கத் தொடங்கும் முன் உப்பு டப்பாவை மூடி இல்லாமல் தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தையும் பொடி டப்பாக்களையும் அப்படியே. பிறகு அவர் போக்கில் விட்டுவிடுங்கள், நடுவில் நிறுத்தி எதையும் அளக்கச் சொல்லாதீர்கள். அளக்கச் சொன்னால் கை தடுமாறும், ருசி மாறும். சமைத்து முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி எடை போடுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அவருடைய "கொஞ்சம்" எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். நான் ஒரு பெரியவரின் சமையலை இப்படி எடை போட்டபோது, "ஒரு சிட்டிகை" என்று அவர் சொன்னது உண்மையில் ஏழு கிராம் இருந்தது. அதைக் காட்டியதும் அவருக்கே ஆச்சரியம்.

அவர் வைத்திருக்கும் டம்ளரும் ஓர் அளவுதான். அதைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி, ஆக டம்ளரின் கொள்ளளவு கிடைத்துவிடும். குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, இந்தக் குறிப்பேட்டில் டம்ளர் என்றால் இத்தனை மில்லி.

அப்புறம் எடை சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன. "வதங்கியதும்", "எண்ணெய் பிரிந்ததும்", "வாசனை வந்ததும்" என்று பெரியவர்கள் சொல்லும் இடங்களில் நிறுத்தி, அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எத்தனை நிமிடம், எந்தத் தீ என்பதையும் எழுதுங்கள். சத்தமும் முக்கியம். கொதிக்கும் ஒலி அடங்கிச் சடசடவென்று பொரியும் ஒலி வந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்பது சமைப்பவர் காதுக்குத் தெரியும், ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை.

எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. வீட்டுச் சமையல் ஆறு பேருக்கு, எட்டுப் பேருக்கு. மணப்பெண் சமைக்கப் போவது பெரும்பாலும் இரண்டு பேருக்கு. எட்டுப் பேருக்கான அளவை நாலால் வகுத்தால் உப்பும் காரமும் ஏறக்குறைய சரியாக வரும், தண்ணீர் வராது. ஆவியாகும் தண்ணீர் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. உணவு கால்வாசியானதால் ஆவி கால்வாசியாகிவிடாது. அதனால் ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு பேர் அளவில் ஒரு முறை நீங்கள் சமைத்துப் பார்த்து, திருத்திய அளவை எழுதுங்கள். இருபது குறிப்பு போதும். சமைத்துப் பார்த்த இருபது, பார்க்காத நூறைவிட மேல்.

புத்தகமாகத் தைக்காமல் வளையம் போட்ட கோப்பில், ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் செருகிக் கொடுங்கள். சமைக்கும்போது அந்த ஒரு தாளை மட்டும் உருவி அடுப்புப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஜெல் பேனாவில் எழுதினால் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே கலைந்துவிடலாம், பால்பாயிண்ட் பேனா தாங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே மூன்றில் ஒரு பங்கை வெற்றிடமாக விடுங்கள், அவர் தன் திருத்தங்களை எழுத இடம் வேண்டும்.

முடிந்தவரை அந்தந்தக் குறிப்பை அதற்குரியவரே தன் கையால் எழுதட்டும். கையெழுத்து நடுங்கினாலும் பரவாயில்லை. தெளிவான பிரதி ஒன்றை நீங்கள் எழுதிப் பின்னால் வையுங்கள். அந்த நடுங்கும் எழுத்து ஒரு நாள் விலைமதிப்பில்லாததாகிவிடும்.

மரக்கரண்டி, காய் நறுக்கும் பலகை இவற்றை மெருகேற்றிக் கொடுக்கலாமா? எந்த எண்ணெய் தேய்ப்பது?

வெறும் மரக் கரண்டியை வாங்கி அழகாக்குவதும் கைவேலைதான். முதலில் 120 எண் உப்புத்தாளால், பிறகு 180, பிறகு 220 என்று இழைப் போக்கிலேயே தேயுங்கள். அப்புறம் ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் மறுபடி சொரசொரப்பாக இருக்கும், ஈரம் பட்டு இழைகள் எழுந்து நிற்கின்றன. 220ஆல் லேசாக மறுபடி தேய்த்துவிடுங்கள். இதை இரண்டு முறை செய்தால், பிறகு அவர் எத்தனை முறை கழுவினாலும் வழவழப்பு குறையாது. கடைக் கரண்டிகளில் இந்த வேலையைச் செய்திருப்பது அரிது.

எண்ணெய்க்கு உணவுத்தரக் கனிம எண்ணெய் நல்லது. அது கெட்டுப்போகாது. சமையலுக்கு ஊற்றும் சாதாரணத் தாவர எண்ணெயைத் தேய்த்தால் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து கெட்டிப்படும் வகை, மரத்துக்கு நல்லது. ஆனால் மர வேலைக்கென்று விற்கப்படும் "பாயில்டு" வகையில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது உணவு படும் பொருளுக்கு வேண்டாம். ஆளி விதை எண்ணெய் தேய்த்த கந்தைத் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

கூடவே ஒரு சிறு டப்பாவில் மெழுகுப் பூச்சும் செய்து கொடுங்கள். ஒரு பங்கு தேன்மெழுகு, நான்கு பங்கு கனிம எண்ணெய், எடைக் கணக்கில். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். தேன்மெழுகு 63 டிகிரி வாக்கில் உருகும், கொதிக்கவைக்கத் தேவையே இல்லை. மாதம் ஒரு முறை தேய்த்தால் பலகை வெடிக்காது.

பூண்டு போட்ட எண்ணெயை அழகான பாட்டிலில் அடைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். மண்ணில் விளையும் பூண்டில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத, அறை வெப்பத்தில் இருக்கும் எண்ணெய் அது பெருக ஏற்ற இடம். அது உண்டாக்கும் நச்சு ஆளையே கொல்லக்கூடியது. நிறமோ மணமோ மாறாததால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. புதிய மிளகாய், பச்சை இலைகள் போட்டு ஊறவைத்த எண்ணெயும் இதே கணக்குதான்.

உண்ணும் பொருள்தான் தர வேண்டும் என்றால் உலர்ந்ததாகத் தாருங்கள். முழு மசாலாப் பொருள்கள், உலர்ந்த இலைகள் கலந்த உப்பு போன்றவை. ஜாடியைப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு, எடுத்துக் கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவைத்த பிறகே நிரப்புங்கள். என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். யாருக்காவது ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோப்பையில் நானே ஓவியம் தீட்டினால்?

வெளிப்புறம் மட்டும், அதுவும் உதடு படும் விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே. பெயிண்ட் டப்பாவில் "நச்சற்றது" என்று போட்டிருப்பது உணவு படலாம் என்று பொருளாகாது. காற்றில் காயும் களிமண்ணில் செய்த கிண்ணமும் சாப்பிட ஆகாது, அது நீரை உறிஞ்சும். கரண்டிகளைச் செருகி வைக்கும் ஜாடியின் வெளியே மனம்போல் தீட்டுங்கள்.

தேன்மெழுகு பூசிய துணி உறைகள் எளிதாகச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் தேன்மெழுகு மட்டும் பூசினால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும், பாத்திரத்தில் ஒட்டவும் ஒட்டாது. கொஞ்சம் பைன் பிசினும் சில சொட்டு எண்ணெயும் சேர்த்து உருக்கித் தடவினால்தான் கையின் சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்ளும். தடவும் தூரிகையை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், பிசின் போகாது. குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், சூடான உணவையும் பச்சை இறைச்சியையும் மூடக் கூடாது என்று குறித்துக் கொடுங்கள்.

கல்யாணப் பெண்ணுக்குச் சமையலறைப் பொருள் கொடுத்தால் "இனி உன் இடம் இதுதான்" என்று சொல்வதுபோல ஆகிவிடாதா?

நல்ல கேள்வி, எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. அதனால் சில வருடங்களாக ஏப்ரன் தைத்தால் இரண்டாகவே தைக்கிறேன். ஒரே துணி, ஒரே அளவுப் பை, ஒன்று அவருக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருவர் பெயரும் இருக்கும். சமையலே பிடிக்காது என்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொன்னால் அவளுக்கு இந்தப் பரிசே வேண்டாம், அவளுக்குப் பிடித்த வேறொன்றைச் செய்யுங்கள். சமையலில் ஆசை இருப்பவருக்குக் கொடுத்தால் மட்டுமே இது பரிசு.

அழகாக இருக்கிறது என்று அலமாரியில் பூட்டி வைத்துவிடுவார்களே?

வைப்பார்கள். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், கண் நிறையும், மனம் வாடும். அதனால்தான் பளீர் வெள்ளையைத் தவிர்த்து, கறை தெரியாத நிறத்தில், கோடு போட்ட துணியில் தைக்கிறேன். ஒரு முறை துவைத்து, மடிப்பு விழுந்த நிலையிலேயே கொடுக்கிறேன். கொடுக்கும்போது "கறை பட்டால் சொல்லு, இன்னொன்று தைத்துத் தருகிறேன்" என்றும் சொல்லிவிடுகிறேன்.

பொட்டலத்துக்குள் அதே துணியில் ஒரு கைப்பிடி அளவு துண்டும், தைத்த அதே நூலில் சிறிது அட்டையில் சுற்றியும், ஓர் ஊசியும் சேர்த்து வையுங்கள். போன மாதம் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு வருடத்துக்கு முன் நான் தைத்த பிடித்துணி அடுப்பருகே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலை கருகிப்போய், அதன்மேல் நான் வைத்தனுப்பிய துண்டு கோணலாக ஒட்டுப்போடப்பட்டிருந்தது. யார் தைத்தது என்று கேட்டேன். அவள் கணவர் அடுப்படியிலிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.